கேம் செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு முதன்முதலில் விதிகளை எழுதி மாட்டியது எங்கள் ஊட்டியில்தான். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் வெளியூர்க்காரர் யாராவது மாட்டினால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், மழைக்காலத்தில் பொழுது போகாமல், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் கூடுதலாகச் சில வண்ணப் பந்துகளை வைத்து ஆடிப் பார்த்தார். (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர் வேறு ஆள், பெயர் மட்டும் ஒன்று.) 1880களில் அவர் ஊட்டிக்கு வந்துபோன காலத்தில் இங்குள்ள கிளப்பில் அந்த ஆட்டத்தின் விதிகள் எழுத்தில் ஏறின. அப்புறம் ஆட்டம் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது. அவர் பெயர் கூடப் போகவில்லை. கடைசியில் 1938இல், எண்பது வயது தாண்டிய பிறகு, ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதி "நான்தான் ஆரம்பித்தேன்" என்று அவரே சொல்லவேண்டி வந்தது. அறுபது வருடம் ஆடியவர்களில் எத்தனை பேர் "இதை யார் யோசித்தது?" என்று கேட்டிருப்பார்கள்?

இந்தக் கதை போன மாதம் எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா மகன் மொபைலில் எதையோ ஆவேசமாகத் தட்டிக்கொண்டிருந்தான். பிளஸ் ஒன் படிக்கிறான்.

"என்னடா?"

"ஒன் ஸ்டார் குடுக்கறேன் மாமா. அப்டேட் போட்டதுல இருந்து ரேஸ் பாதியிலயே நின்னு போகுது. வேஸ்ட் பசங்க."

"யாரு பசங்க?"

"கேம் செஞ்சவங்க."

"யாரு செஞ்சது?"

கொஞ்சம் யோசித்தான். "பிளே ஸ்டோர்" என்றான்.

கேம் ஆடுகிறவர்கள் அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்ற கேள்வியைப் பலரும் பல இடத்தில் கேட்கிறார்கள். ஒரு பக்கம் "காசு கொடுத்தாச்சு, அப்புறம் என்ன நன்றி?" இன்னொரு பக்கம் "எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்கள், குறை சொல்லாதே." இரண்டுமே அரைகுறை என்பது என் எண்ணம். அவன் சொன்ன பதிலிலிருந்தே இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

தமிழில் 'நன்றி சொல்வது' என்றும் ஒன்று இருக்கிறது, 'நன்றி அறிவது' என்றும் ஒன்று இருக்கிறது. சொல்வது நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. காலையில் இட்லி வைத்த அம்மாவிடம் "நன்றிம்மா" என்று சொல்லிப் பாருங்கள், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அறிவது வேறு. யார் செய்தார், என்ன செய்தார் என்று தெரிந்து வைத்திருப்பது. யாரென்றே தெரியாதபோது நன்றியும் சரி, திட்டும் சரி, போய்ச் சேர இடமில்லை. பிளே ஸ்டோரைத் திட்டுவது, பேக்கரியில் வாங்கிய வர்க்கி நமத்துப்போனதற்குக் கண்ணாடி அலமாரியைத் திட்டுவது மாதிரி.

சரி, யார்தான் செய்கிறார்கள்?

எங்கள் ஊர் சங்கதியை வைத்தே சொல்கிறேன். தேயிலையில் கொழுந்து பறிப்பது ஒரு கை. அதை வாடவைத்து, நசுக்கி, காயவைத்துத் தூளாக்குவது தொழிற்சாலை. குன்னூர் ஏலத்தில் எடுத்து, கலந்து, பாக்கெட்டில் அடைத்துத் தன் பெயரைப் போடுவது இன்னொரு கம்பெனி. கடைசியில் விற்பது கடை. சென்னையில் ஒருவர் டீயை உறிஞ்சிவிட்டு "ஆஹா" என்று சொன்னால் அந்த ஆஹா பாக்கெட் பெயருக்குத்தான் போகிறது. பனியில் நனைந்த சாக்குப்படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் நின்ற கைக்குப் போவதில்லை.

வீடியோ கேமும் ஏறக்குறைய இப்படித்தான். டெவலப்பர் என்றால் கேமைச் செய்கிறவர். தனி ஆளாகவும் இருக்கலாம், ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஸ்டுடியோவாகவும் இருக்கலாம். பப்ளிஷர் என்பவர் பணம் போட்டு, விளம்பரம் செய்து, வெளியிடுகிறவர். பல நேரம் தேதியைக் குறிப்பதும் அவர்தான். கம்ப்யூட்டர் கேம்களுக்கு ஸ்டீம், போனுக்கு பிளே ஸ்டோர் போன்றவை கடை. ஸ்டீம் கடையில் ஒரு கேம் விற்றால் பொதுவாக 30 சதவீதம் கடைக்கே போய்விடும். மீதியில் பப்ளிஷர் இருந்தால் அவர் பங்கு, அப்புறம்தான் செய்தவர்கள். செய்தவர்களிலும் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். கேம் கோடி விற்றாலும் அவர்கள் சம்பளம் அதேதான். விற்காவிட்டால் வேலை போகும். 2023, 2024 இரண்டு வருடமும் உலகம் முழுக்கப் பெரிய ஸ்டுடியோக்களிலேயே கூட்டம் கூட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், இரவு பகலாக வேலை வாங்குவதற்கு அந்தத் தொழிலில் ஒரு பெயரே இருக்கிறது: கிரஞ்ச்.

ஸ்டுடியோவுக்குள்ளேயும் பல கைகள். ஆட்ட விதிகளை யோசிப்பவர், நிரல் எழுதுபவர், படம் வரைபவர், இசையமைப்பவர், சத்தம் சேர்ப்பவர், வசனம் எழுதுபவர். இவர்களில் எனக்குப் பிடித்தவர் டெஸ்டர். அவர் வேலை ஆடுவது இல்லை, உடைப்பது. ஒரே சுவரில் நேராகப் போய் முட்டுவார், சாய்வாக முட்டுவார், குதித்து முட்டுவார், பின்பக்கமாக நடந்துவந்து முட்டுவார். எங்காவது சுவருக்குள் கால் புகுந்தால் எந்த இடம், எத்தனையாவது முறை, அதற்கு முன்னால் என்ன செய்தேன் என்று எழுதிவைப்பார். அதை வேறொருவர் சரிசெய்ததும், மறுபடி அதே சுவரில் போய் முட்டுவார். நாம் ஆடும்போது அந்தச் சுவரைக் கவனிப்பதே இல்லை. கவனிக்காதபடி அவர் வேலை பார்த்திருக்கிறார்.

காசு கொடுத்தாச்சே?

ஆமாம், கொடுத்தாச்சு. அதனால் கடன் எதுவும் இல்லை. விலை என்பது ஒரு கணக்கு, அது முடிந்துவிட்டது. பொருள் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதைக் கேட்பது நன்றி கெட்ட செயல் இல்லை.

ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 14 கொண்டை ஊசி வளைவு. மேகம் இறங்கி முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத நேரம். இறங்கும்போது சிலர் டிரைவரைப் பார்த்து "வர்றேண்ணே" என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். டிக்கெட் எடுத்தவர்கள்தான். டிக்கெட் குன்னூர் வருவதற்கு. ஒன்பதாவது வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்து, வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பாட்டிக்காக ஒரு நிமிடம் நிறுத்தினாரே, அதற்கு டிக்கெட்டில் விலை போடவில்லை. அந்த "வர்றேண்ணே" அதற்குத்தான். சொல்லாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் அதற்கு மதிப்பு.

கேமிலும் விலைக்குள் அடங்காத இடங்கள் உண்டு. ஸ்டார்டியூ வேலி என்று ஒரு விவசாய கேம். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நாலரை வருடம் உட்கார்ந்து நிரல், படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். அதற்கப்புறம் வருடக்கணக்கில் புதுப் புதுப் பகுதிகளை இலவசமாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்; 2024இல்கூட ஒரு பெரிய அப்டேட். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் மேற்கொண்டு ஒரு ரூபாய் கேட்கவில்லை. நான் இதை லாக்டவுனில் மணிக்கணக்கில் ஆடியதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "இங்க காட்டுல களையெடுக்க ஆள் கெடைக்கல, நீ காசு குடுத்து கம்ப்யூட்டர்ல களையெடுக்கறியா?" பதில் சொல்ல முடியவில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை கட்டாத வருடத்தில், விதைத்தால் விளையும், விளைந்தால் விற்கும் ஒரு தோட்டம் எனக்கு வேண்டியிருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

இலவச கேம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "சும்மாதானே கொடுக்கிறார்கள், நன்றி சொல்லுங்கள்" என்பது சரியில்லை. அவை சும்மா வருவதில்லை. விளம்பரம் பார்க்கும் நேரத்தால், கேமுக்குள் ஆடையும் துப்பாக்கியும் வாங்கும் சிலரின் காசால் ஓடுகின்றன. பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவற்றை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றுக்குத் தடைச் சட்டமே கொண்டுவந்துவிட்டது.

பேர் போடாத காலம்

செய்தவர் பெயரைத் தெரிந்துகொள்வது இன்று சுலபம். ஒரு காலத்தில் கம்பெனிகளே மறைத்தன. 1970களில் அமெரிக்காவில் அடாரி நிறுவனம் டப்பாவில் கேம் செய்தவர் பெயரைப் போடாது. ஒரு கேமை அப்போது பெரும்பாலும் ஒரே ஆள்தான் முழுசாகச் செய்வார். ஆனாலும் பெயர் கிடையாது, விற்பனையில் பங்கும் கிடையாது. இதில் வெறுத்துப்போன நாலு புரோகிராமர்கள் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள். அங்கே டப்பாவிலும் கையேட்டிலும் பெயர் வந்தது.

அதே அடாரியில் வேலை பார்த்த வாரன் ராபினெட் வேறு வழி பிடித்தார். தான் செய்த அட்வென்ச்சர் என்ற கேமுக்குள், யாருக்கும் சொல்லாமல், ஒரு ரகசிய அறை கட்டினார். உள்ளே போக ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும்; அந்தப் புள்ளியும் தரையின் நிறத்திலேயே இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு குறிப்பிட்ட சுவரருகே போனால் அறை திறக்கும். உள்ளே ஒரே வரி: உருவாக்கியவர் வாரன் ராபினெட். இதைக் கம்பெனி கண்டுபிடிப்பதற்குள் அவர் வேலையை விட்டே போய்விட்டார். கண்டுபிடித்தது ஒரு சின்னப் பையன். ஆடிப் பார்த்து, கம்பெனிக்கே கடிதம் எழுதிக் கேட்டான். கேம்களுக்குள் ஒளித்துவைக்கும் சமாசாரங்களை 'ஈஸ்டர் எக்' என்று சொல்லும் வழக்கம் இதிலிருந்துதான் வந்தது. எனக்கு இதில் பிடித்த ஆள் ராபினெட் இல்லை, அந்தப் பையன். ஒற்றைப் புள்ளியை விடாமல் பார்த்தவன்.

நம் ஆட்களுக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. மலர்க் கண்காட்சி சீசனில் ஊட்டிக் கடைகளில் தொங்குமே, '9999 இன் 1' என்று எழுதிய பிரிக் கேம் பெட்டி, ஞாபகம் இருக்கிறதா? மேலேயிருந்து செங்கல் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். அதன் மூலம் டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்தது. அவர் அரசாங்க நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதால் உரிமை சோவியத் அரசிடம் போனது. 1996 வாக்கில்தான் அவருக்கே பங்குப் பணம் வரத் தொடங்கியது. நான் அந்தப் பெட்டியில் தேய்ந்துபோன பட்டனோடு ஆடிய நாட்களில் அவருக்கு ஒரு பைசா போயிருக்காது. பின்னாளில் பிரவுசிங் சென்டரில் காப்பி அடித்த சிடியில் ஆடிய கேம்களும் அதே கதைதான். பெருமையாகச் சொல்லவில்லை.

திட்டியும் இருக்கிறார்கள், பலகையும் வைத்திருக்கிறார்கள்

நன்றி என்றால் வாயை மூடிக்கொள்வதா? இதற்கு நோ மேன்ஸ் ஸ்கை கதையைவிட நல்ல பாடம் இல்லை. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் உள்ள ஹலோ கேம்ஸ், சின்னக் குழு. எண்ணி முடியாத கிரகங்களில் சுற்றலாம் என்று ஒரு விண்வெளி கேமை அறிவித்தார்கள். 2016 ஜூனில் வரவேண்டியது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. அவ்வளவுதான், குழுவின் தலைவர் ஷான் மர்ரேவுக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஒரு கேம் இரண்டு மாதம் தாமதமானதற்கு!

ஆகஸ்டில் கேம் வந்தது. பேட்டிகளில் சொன்ன பல விஷயங்கள் அதில் இல்லை. ஆடியவர்கள் கொதித்தார்கள். இந்தக் கோபம் நியாயமானது என்றுதான் சொல்வேன். சொன்னதை நம்பிக் காசு கொடுத்தவன், சொன்னது எங்கே என்று கேட்பான். அந்தக் குழு அதன்பின் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தது. அப்டேட் மேல் அப்டேட், எல்லாம் இலவசம். 2018இல் பலர் சேர்ந்து ஆடும் வசதி ஒழுங்காக வந்தது. 2019இல் ரசிகர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, அந்த அலுவலகத்துக்குப் பக்கத்தில் நன்றி சொல்லி ஒரு விளம்பரப் பலகையே வைத்தார்கள். ஃப்ளெக்ஸ் வைப்பது நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

இதில் மிரட்டலையும் புகாரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புகார் சொன்னவர்கள் இல்லாவிட்டால் அந்த கேம் தேறியிருக்குமா என்பது சந்தேகம். மிரட்டலால் எந்த கேமும் தேறியதில்லை. வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் தனி ஆளாகச் செய்த ஃப்ளாப்பி பேர்ட், 2014 தொடக்கத்தில் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தபோதே, இதற்கு மேல் தாங்க முடியாது என்று அவரே கடையிலிருந்து எடுத்துவிட்டார். நல்ல வருமானம் வந்துகொண்டிருந்த நேரம் அது.

இன்னொரு பக்கமும் உண்டு. செய்தவர்கள் மேல் உள்ள மரியாதையைக் கம்பெனி தன் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கும். "எங்கள் குழு உழைத்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அரைவேக்காட்டை முழு விலைக்கு விற்கும். தேதியைக் குறித்தவர் ஒருவர், தூங்காமல் வேலை பார்த்தவர் இன்னொருவர் என்பதை மறந்துவிட்டால் இதில் ஏமாந்துபோவோம். கொழுந்து பறித்தவர் மேல் மதிப்பு இருக்கிறது என்பதற்காகக் கலப்படத் தூளைக் குடிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

அக்கா மகனிடமே திரும்பி வருகிறேன். அவன் எழுதியிருந்தது: "வேஸ்ட் கேம். யாரும் டவுன்லோட் பண்ணாதீங்க." அதைப் படித்து ஒரு டெவலப்பர் என்ன செய்ய முடியும்? டீக்கடையில் "நல்லால்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவரைப் போல. சர்க்கரை கூடவா, பால் திரிந்ததா, ஆறிப்போனதா?

அவனை உட்கார வைத்துக் கேட்டேன். எந்த போன்? எந்த ரேஸ்? எப்போதும் அதே இடத்தில்தானா? நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்தோம். மூன்று தடவை ஒரே இடத்தில், சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் நின்றது. கிராஃபிக்ஸைக் குறைத்தால் நிற்கவில்லை. இதையெல்லாம் சேர்த்து மறுபடி எழுதினான்: போன் இது, ஆண்ட்ராய்டு பதிப்பு இது, மூன்றாவது ரேஸில் சுரங்கத்துக்குள் போனதும் நின்றுவிடுகிறது, கிராஃபிக்ஸ் குறைவாக வைத்தால் சரியாக ஓடுகிறது, பழைய அப்டேட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, வண்டிச் சத்தம் ரொம்ப நல்லா இருக்கு. ஸ்டாரை இரண்டாக்கினான். மூன்றாக்கச் சொன்னேன், முடியாது என்றுவிட்டான். அவன் இஷ்டம்.

என்னைக் கேட்டால் கடைசி வரியைவிட முதல் வரிகளில்தான் நன்றி இருக்கிறது. ஒரு டெஸ்டர் பார்க்கும் வேலையில் ஒரு துண்டை அவன் செய்துகொடுத்திருக்கிறான். பாராட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். "சூப்பர்" என்று எழுதுவதைவிட "மழை பெய்யும்போது தகரக் கூரையில் கேட்கும் சத்தம் எங்கள் வீட்டுச் சத்தம் மாதிரியே இருந்தது" என்று எழுதினால், அந்தச் சத்தத்தைச் சேர்த்தவர் ஒருவர் எங்கோ நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று, கேம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் ஓடும். ஸ்கிப் பட்டனை அழுத்தாமல் ஒரு முறையாவது பாருங்கள். பெரிய கேம் என்றால் அரை மணி நேரம்கூட ஓடும், அவ்வளவும் பார்க்கச் சொல்லவில்லை. டெஸ்டர்கள் வரும் இடம் வரைக்கும் போதும். பெரும்பாலும் கடைசிப் பக்கம்தான் வருவார்கள்.

போன ஞாயிறு என் லேப்டாப்பில் அவனுக்கு வெண்பா கேமைப் போட்டுக் கொடுத்தேன். டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் செய்தது; 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சமையல். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதுதான் புதிர். அவன் இரண்டு தடவை தப்பாக அடுக்கினான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஓட்டைக்கு நேரா குழி வரக்கூடாதுடா" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகிவிட்டது.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, முடித்துவிட்டான். பெயர்கள் ஓடின. பார்த்துக்கொண்டே கேட்டான், "இவங்களுக்குத் தமிழ்ல எழுதினா படிப்பாங்களா மாமா?"

"படிப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"எங்க பாட்டி சொல்லித்தான் இட்லித் தட்டை அடுக்கினேன். அம்மா கோவப்படற இடத்துல எங்க அம்மா மாதிரியே இருந்துச்சு. முடிவு சீக்கிரமா வந்துடுச்சு, இன்னும் ரெண்டு சமையல் வெச்சிருக்கலாம்" என்று எழுதினான். அனுப்பப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது, டவர் போய்விட்டது. திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு என் போனிலிருந்து அனுப்பினான்.